கனமான ஸ்லாப் எழுத்தைச் சாய்த்துப் போடும்போது நடக்கும் கூத்துகள்

காரைக்குடியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். பலகாரம் செய்து விற்கும் ஒரு ஆச்சி, மணகோலம் பாக்கெட்டுக்கு லேபிள் வேண்டும் என்று வந்தார். போனில் ஏதோ ஒரு பிஸ்கட் பாக்கெட் படம். "இந்த எழுத்து மாதிரியே வேணும் தம்பி, கனமா, ஓடுற மாதிரி இருக்கணும்" என்றார். அவர் காட்டியது போல்டு இட்டாலிக் ஸ்லாப் செரிஃப், அதாவது தடித்து, முன்னால் சாய்ந்து, முனைகள் பட்டையாக முடியும் ஆங்கில எழுத்து. நம் ஊர்ப் போர்டு, பேனர், லேபிள் எல்லாவற்றிலும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள், பாதிக்கு மேல் கெட்டுப்போய்த்தான் பிரிண்ட் ஆகிறது.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் தூணைப் பாருங்கள். மேலே அகலமான போதிகை, கீழே கனமான கல், நடுவில் ஒரே பருமனில் மரம். ஸ்லாப் எழுத்தும் அப்படித்தான், தலையிலும் அடியிலும் கூராக முடியாமல் செங்கல் வைத்த மாதிரிப் பட்டையாக முடியும், கோடும் ஏறக்குறைய ஒரே கனத்தில் ஓடும். லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் 1815 வாக்கில் இந்த வகையை வார்த்து விற்றபோது இதற்கு இருந்த வேலை நோட்டீஸும் சுவரொட்டியும்தான். எட்ட நிற்கிறவனைக் கூப்பிடும் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே தடிமனாக்கி முன்னால் சாய்த்தால், கூப்பிடுவதோடு ஓடவும் செய்கிறது.

முதல் தவறு, சாய்வே இல்லாத ஃபாண்டைச் சாய்ப்பது. ரோபோட்டோ ஸ்லாபுக்கு இட்டாலிக் கிடையாது. ஆனாலும் இட்டாலிக் பட்டனை அமுக்கினால் மென்பொருள் சொல்பேச்சு கேட்டு எழுத்தின் தலையை அப்படியே வலப்பக்கம் தள்ளிவிடும், வட்டமான எழுத்துகள் ஒரு மூலையில் பருத்து அடுத்த மூலையில் இளைத்துப்போகும். உண்மையான இட்டாலிக்கில் வடிவமைத்தவர் சாய்த்த பிறகு கனத்தைக் கையால் சரிசெய்திருப்பார், சிலவற்றில் சிறிய 'ஏ' கையால் எழுதுவது போலவே மாறியிருக்கும். ஃபாண்டு பட்டியலில் போல்டு இட்டாலிக் தனி ஃபைலாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்வோ, ஜில்லா ஸ்லாப் இரண்டிலும் உண்டு, இரண்டும் இலவசம்.

இதைவிடப் பெரிய கூத்து, "ஆங்கிலம் சாஞ்சிருக்கே, தமிழையும் சாய்ச்சிரு" என்பது. ஆங்கில இட்டாலிக் 1500 வாக்கில் இத்தாலியில் கையெழுத்தைப் பார்த்து வெட்டிய அச்சு, அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. தமிழ் அச்சில் அப்படி ஒரு வழக்கம் வளரவில்லை, அதனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் தள்ளல்தான். தள்ளும்போது அடியில் இருப்பது அசையாது, உச்சியில் இருப்பது அதிகம் நகரும். நமக்கு உச்சியில் என்ன இருக்கிறது? புள்ளி! 'மெய்யப்பன்' என்று அடித்துச் சாய்த்துப் பாருங்கள், மூன்று புள்ளியும் வலப்பக்கம் நகர்ந்து, எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று தெரியாமல் நடுவில் தொங்கும். கூடவே போல்டும் அமுக்கிவிட்டால் 'அண்ணாமலை'யில் இருக்கும் சுழிகள் அடைத்துக்கொண்டு ண எது ன எது என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும். எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் வீட்டுப் பெரியவர் பெயரையே சாய்த்துத் தடித்துப் போட்டுக் கொடுத்து, ப்ரூஃபில் அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் திருப்பிக் கொடுத்தார். தமிழை நேராகவே நிறுத்துங்கள், கனம் மட்டும் ஆங்கிலத்துக்கு ஈடாக இருக்கட்டும்.

அப்புறம் இடைவெளி. பட்டை முனைகள் ஏற்கெனவே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், இடம் பத்தவில்லை என்று நெருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஆர்', 'என்' ஒட்டினால் 'எம்', 'கார்னர்' என்று போட்ட கடை 'கோமர்' ஆகிவிடும். ஃபிளெக்ஸில் இதற்கு மேல் வெள்ளை அவுட்லைன், அதற்கு மேல் நிழல் என்று ஏற்றினால் எழுத்துக்குள் இருக்கும் ஓட்டையெல்லாம் மூடி, தூரத்தில் இருந்து பார்க்க வெறும் கட்டிதான்.

விலை போடும்போது ஒரு சின்னக் கண்ணி: ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபாண்டுகளில் இருக்காது, வேறு ஃபாண்டில் இருந்து மெலிசாக ஒன்று வந்து உட்காரும். 'ரூ.' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சேர்மானம், தேதி, முகவரி போன்ற பொடி எழுத்துக்கு இந்த ஃபாண்டு வேண்டவே வேண்டாம், சாதாரண நேர் எழுத்து போதும்.

எங்கே பொருந்தும் என்றால், கிரிக்கெட் டீம் பனியன், தள்ளுபடி நோட்டீஸ், வேனின் பக்கவாட்டு, லேபிளில் ஒரே ஒரு வரி. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, வாசலில் இந்த எழுத்தில் போர்டு வைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, தலைமுறை தலைமுறையாக அசையாமல் நிற்கிற வீட்டுக்கு எதற்கு ஓடுகிற எழுத்து? அங்கே அதே ஸ்லாபை நேராகப் போட்டாலே கம்பீரம். இடப்பக்கம் அம்புக்குறி போட்ட வழிகாட்டிப் போர்டிலும் வேண்டாம், அம்பு ஒரு பக்கம் இழுக்கும், எழுத்து மறுபக்கம் சாயும்.

ஆச்சிக்கு 'மணகோலம்' நேராக, தடிப்பாக. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் ஸ்லாப் இட்டாலிக். பார்த்தார். "ஏன் தம்பி, தமிழு மட்டும் ஓடலையே?" சாய்த்ததையும் அடித்துப் பக்கத்தில் வைத்தேன், புள்ளியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நேராக நின்றதை எடுத்துக்கொண்டார். "சரி, இதையே போடு. முறுக்கு லேபிளுக்கு மட்டும் கொஞ்சம் சாய்ச்சுத் தர்றியா?"