பாதாள சாக்கடையில் சென்சார்: எந்தக் குழாயை எப்போது கழுவுவது?

பாதாள சாக்கடைக் குழாய்களை நாள்காட்டி பார்த்து வரிசையாகக் கழுவினால், நன்றாக ஓடும் குழாய்க்கும் ஜெட் ராடிங் வண்டி (அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை நீக்கும் வண்டி) போகும்; அடைபடும் குழாயோ வண்டி வருவதற்குள் தெருவில் பொங்கிவிடும். ஆள்நுழைவுக் குழியின் நீர்மட்டத்தை அலுவலகத்தில் இருந்தே கவனித்து, தேவைப்படும் இடத்துக்கு மட்டும் வண்டி அனுப்பும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: இடத்தேர்வு

எல்லாக் குழிக்கும் சென்சார் வேண்டியதில்லை. புகார்ப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் தெருக்களே போதும். ஓட்டல்கள் நெருங்கிய கோவைத் தெரு என்றால் எண்ணெய்ப் பிசுக்கையும், பனியன் கம்பெனிகள் சூழ்ந்த திருப்பூர்த் தெரு என்றால் நூல் கழிவையும் முதலில் சந்தேகிக்கலாம். அடைப்புக்குப் பின்னால்தான் நீர் தேங்கும் என்பதால், வழக்கமாக அடைபடும் இடத்துக்கு மேற்புறக் குழியையே, அதாவது கழிவுநீர் வரும் பக்கத்துக் குழியையே, தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: பொருத்துதல்

மீயொலி அல்லது ரேடார் சென்சாரை மூடிக்குக் கீழே, மேலிருந்தபடியே பொருத்த வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சுத்தம் செய்ய ஆளைக் குழிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கருவி பொருத்துவதற்காக ஆளை அப்படி இறக்குவது அபத்தத்தின் உச்சம். மீத்தேன் சேரக்கூடிய இடம் என்பதால், வெடிக்கும் வாயுச் சூழலுக்குச் சான்று பெற்ற கருவியையே வாங்குங்கள். சென்சாரிலிருந்து குழியின் அடி 2.40 மீட்டர், நீர்ப்பரப்பு 2.15 மீட்டர் என்றால் நீர்மட்டம் 25 செ.மீ. வார்ப்பிரும்பு மூடி சிக்னலைத் தடுக்கலாம் ஆகையால், மூடியைப் போட்ட பிறகும் தகவல் வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

மூன்றாம் படி: இயல்பு நிலையை அறிதல்

பலரும் அவசரப்படும் படி இதுதான். கருவியோடு வரும் கையேடுகள் காலையில் ஓர் ஏற்றம், இரவில் ஓர் இறக்கம் என்று தினசரி வரைகோட்டைக் காட்டும். குடிநீர்க் குழாயில் தினமும் தண்ணீர் வரும் ஊருக்கு அது சரி. நம் பக்கத்தில் பல வார்டுகளுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். அன்று தொட்டி நிரப்பி, துணி துவைத்து, வாசல் கழுவி முடிப்பதற்குள் சாக்கடை மட்டம் ஏறிவிடும். ஆகவே தண்ணீர் விட்ட நாளைத் தண்ணீர் விட்ட நாளோடும், விடாத நாளை விடாத நாளோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், தண்ணீர் விடும் ஒவ்வொரு நாளும் பொய் எச்சரிக்கை வரும். அதன்பின் கைப்பேசி ஒலித்தாலும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

நான்காம் படி: எச்சரிக்கை அளவு

குழாயின் விட்டம் 30 செ.மீ., தண்ணீர் விடும் நாளின் உச்சம் 15 செ.மீ. என்று கொள்வோம். 22 செ.மீ. தொட்டால் ‘கழுவும் பட்டியலில் சேர்’, 30 செ.மீ. தாண்டினால் ‘உடனே வண்டி அனுப்பு’ என இரண்டு அளவுகளை வைத்துத் தொடங்கலாம்.

ஐந்தாம் படி: வரைகோட்டைப் படித்தல்

மட்டம் வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் மண்ணோ பிசுக்கோ படிகிறது. மேல்குழி நிரம்பிக் கீழ்க்குழி வற்றினால் அடைப்பு இடையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் எல்லாக் குழிகளும் சேர்ந்து ஏறினால், கழுவிப் பயனில்லை. மழைநீர் எங்கே உள்ளே புகுகிறது என்று தேட வேண்டும். கழுவிய பிறகும் மட்டம் பழைய அளவுக்கு இறங்காவிட்டால், ஜெட் அடைப்பில் துளை மட்டுமே போட்டிருக்கலாம் அல்லது குழாயே உடைந்திருக்கலாம். கேமரா விட்டுப் பாருங்கள். இயல்பு மாறாத குழாய்களுக்குக் கழுவும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். ஆனால் வரைகோடு அசையாமல் நேர்கோடாக நின்றால் அதை நம்பி இடைவெளியை நீட்டாமல், முதலில் சென்சாரின் முகத்தில் சிலந்தி வலையோ நீராவித் துளியோ படிந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.