ஊருக்குப் போகும்போது கராஜில் நிற்கும் காரும் சுண்டெலியும்

மார்கழி விடுமுறையோடு தைப்பொங்கலையும் சேர்த்து ஐந்தாறு கிழமை ஊரில் நின்றுவர வேண்டும் என்று ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் பல குடும்பங்கள் டிக்கெற் போடுகின்றன. சூட்கேஸ் நிறை, விசா, பிள்ளைகளுக்குப் போட வேண்டிய ஊசி எல்லாவற்றையும் மறக்காமல் பார்க்கிறோம். கராஜில் விட்டுப்போகும் காரைப் பற்றி, பற்றரி இறங்கிவிடுமோ என்பதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் கனடாக் குளிரில் அசையாமல் நிற்கும் கார் சுண்டெலிக்கு எல்லா வசதியும் உள்ள இடம். காற்றுப் படாது, பூனை வராது, கூடு கட்டப் பஞ்சு இருக்கிறது. பக்கத்தில் அரிசி மூட்டையும் இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

ஒரு பெட்டைச் சுண்டெலி சினைப்பட்டு மூன்று கிழமையில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். இன்னும் மூன்று கிழமையில் அவை பால் மறந்து தாமே இரை தேடும். அதாவது நீங்கள் போய்வரும் ஆறு கிழமைக்குள் காருக்குள் ஒரு குடும்பமே வளர்ந்துவிடலாம். அவை விரும்பிக் கூடு கட்டும் இடங்களும் தெரிந்தவைதான்: எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பில்டர் பெட்டி, முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும் வாய், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் காபின் பில்டர், ஹீற்றர் விசிறி. பொனெற்றின் உட்பக்கத்து உறையையும் சீற்றுப் பஞ்சையும் கிழித்துக் கூட்டுக்குள் வைக்கும். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும், அதில் வயரும் அடங்கும். துண்டான வயர் சின்னதாக இருக்கலாம். அதை எட்டிப் பிடிக்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வந்தால் கூலிதான் கையைக் கடிக்கும்.

இதற்கு மணமும் மருந்தும் தேடி அலையாதீர்கள். உள்ளே வரும் ஓட்டையையும் உள்ளே இருக்கும் சாப்பாட்டையும் கவனித்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஓட்டை தேடும் வேலையை ஒக்டோபரிலேயே தொடங்குவது நல்லது. இரவு குளிரத் தொடங்கும்போதுதான் சுண்டெலி உள்ளே ஒதுங்க வருகிறது. டிசம்பரில் பூட்டைப் போட்டால் அதையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். வெயில் நன்றாக இருக்கும் ஒரு பகலில் கராஜுக்குள் போய்க் கதவை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கிருந்தெல்லாம் வெளிச்சம் வருகிறது என்று தெரியும். பெரும்பாலும் பெரிய கதவின் கீழ் மூலைகள் இரண்டிலும் வெளிச்சம் தெரியும். நடுவில் ரப்பர் நிலத்தோடு நன்றாகப் படிந்திருக்கும். ஓரத்தில் கொங்கிறீற் சற்று இறங்கியிருப்பதாலோ, ரப்பர் காய்ந்து சுருண்டதாலோ ஒரு சின்ன முக்கோண இடைவெளி இருக்கும். அதற்குள் ஒரு பென்சில் போனால் சுண்டெலியும் போகும். அதற்கு 6 மில்லிமீற்றர் போதும்.

கீழ் ரப்பரையும் பக்க ரப்பர்களையும் ஹாட்வெயார் கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம். நிலம் சமமில்லை என்றால், நிலத்தில் ஒட்டும் ரப்பர்ப் படி ஒன்றும் விற்கிறார்கள், அதையும் சேர்த்துப் போடுங்கள். காஸ் குழாய், ஏசிக் குழாய், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடங்களைச் சுற்றிக் கை வைத்துப் பாருங்கள். விரிந்து இறுகும் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போனால் சுண்டெலி அதைக் கொறித்துக்கொண்டு வந்துவிடும். முதலில் செப்புக் கம்பிவலையை இறுக்கித் திணித்து, அதன் மேல் நுரையோ சீமெந்தோ பூச வேண்டும். ஸ்டீல் வூலும் பயன்படும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடித்து உதிரும். காற்றுப் போக விட்ட துவாரங்களை அடைக்கக் கூடாது. அவற்றுக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. நம் வீடுகளில் கராஜ்தான் இரண்டாவது களஞ்சியம். மலிவாக வந்தபோது வாங்கிய 40 இறாத்தல் அரிசி, ஊரிலிருந்து வந்த அரிசிமா, பருப்பு, வெங்காயச் சாக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். போகுமுன் இவற்றை வீட்டுக்குள் எடுங்கள், இடமில்லையென்றால் மூடி இறுகும் தகர வாளியில் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியைச் சுண்டெலி ஓர் இரவில் துளைத்துவிடும். பறவைக்குப் போடும் விதை, புல் விதை, நாய்ச் சாப்பாடு ஆகியவற்றுக்கும் இதேதான்.

காருக்குள்ளும் பாருங்கள். பிள்ளையின் சீற்றைக் கழற்றி எடுத்தால் கீழே மிக்சரும் பிஸ்கற்றும் கிடக்கும். கோயிலுக்குப் போய்வந்த அர்ச்சனைப் பையில் ஒரு கைப்பிடி பச்சையரிசியும் தேங்காய்ப் பாதியும் டிக்கியில் தங்கியிருக்கும். அதைவிட வேறு அழைப்பு வேண்டியதில்லை. நன்றாக வக்கூம் பிடியுங்கள். டிஷ்யூப் பெட்டி, பழைய துணி, பஞ்சுக் கையுறை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். எஞ்சினை நிறுத்துமுன் காற்று உள்ளேயே சுற்றும் பட்டனை அழுத்திவிடுங்கள். பல கார்களில் அது வெளிக்காற்று வரும் தட்டை மூடும், ஒரு வழி அடைபடும். புகைக்குழாயில் கம்பிச் சுருள் திணிப்பவர்கள், அதை எடுக்கச் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும் இரவில் தூக்கக் கலக்கத்தில் அது ஞாபகம் வராது.

அந்துருண்டை பற்றிப் பலர் கேட்பார்கள். போடாதீர்கள். சுண்டெலி அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அந்த நஞ்சுப் புகை காரின் துணியில் ஏறி, பிறகு பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள். புதினா எண்ணெயும் உலர்த்தி இயந்திரத்தில் போடும் வாசனைத் தாளும் சில நாளில் மணம் போய்விடும், ஆறு கிழமைக்குத் தாங்காது. எலிமருந்தும் வேண்டாம். தின்ற எலி ஹீற்றர்க் குழாய்க்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தோடு மாதக்கணக்கில் ஓட வேண்டும். வெளியே செத்ததைத் தின்னும் ஆந்தைக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஆபத்து. வயருக்கு மட்டும் ஒன்று சொல்லலாம்: மிளகாய்க் காரம் ஏற்றிய ஒட்டு நாடாவை ஹொண்டா தயாரித்து விற்கிறது. ஏற்கெனவே ஒருமுறை கடிபட்ட கார் என்றால் மெக்கானிக்கிடம் கேட்டுச் சுற்றலாம்.

பழைய எலிப்பொறிதான் இன்றும் நல்லது. சுண்டெலி சுவரோரமாகவே ஓடும், ஆகவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். காரின் நான்கு ரயருக்குப் பக்கத்திலும் ஒவ்வொன்று வைக்கலாம், ரயரில்தான் அது ஏறுகிறது. இரைக்குக் கடலையளவு பீநட் பட்டர் போதும். புறப்படுவதற்கு இரண்டு கிழமை முன்பே வைத்துப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை, கருஞ்சீரகம் போன்ற எச்சமும் காணவில்லை என்றால் நிம்மதியாகப் போகலாம்.

அப்புறம், இடையில் யாராவது வந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சில நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஒருவர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வெறுமையாக்க வேண்டும் என்று பல வீட்டுக் காப்புறுதிகள் நிபந்தனை வைக்கின்றன. வருகிறவரிடமே கராஜையும் பார்க்கச் சொல்லுங்கள். பொறியில் விழுந்ததை எடுத்துப் போட்டுத் திருப்பி வைப்பார். காரை மட்டும் கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணி விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கதவு திறந்திருந்தாலும் அந்தப் புகை உயிரைப் பறிக்கக்கூடியது. பற்றரிக்குச் சிறு சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டால் போதும். கார்க் காப்புறுதியைக் குறைப்பவர்கள், எலிச் சேதத்துக்கு உரிய பகுதி நீங்காமல் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஊரில் வானோ மோட்டார் சைக்கிளோ விட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கிடுகுக் கொட்டிலில் ஓட்டை அடைக்கப் போனால் முடிவே வராது. அங்கே எலியோடு அணிலும் பொனெற்றுக்குள் தும்பு கொண்டுவந்து அடுக்கும். ஓடுகிற வாகனத்தில் அவை தங்குவது குறைவு. "சித்தப்பா, கிழமைக்கு ஒருக்கா வானை எடுத்துச் சந்தைக்குப் போய் வாங்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நல்ல வழி. நெல் மூட்டைக்கும் விறகுக் குவியலுக்கும் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களே போய்த் திறந்து துப்புரவாக்குவதென்றால் கையுறையும் சப்பாத்தும் போடுங்கள், காலில் காயம் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். 2024 டிசம்பரில், நாம் எல்லோரும் ஊருக்குப் போகும் அதே மாதத்தில், யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைக் குடித்தது. கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர இரண்டு நாளிலிருந்து ஒரு மாதம்வரை ஆகலாம். கனடா திரும்பிய பிறகு காய்ச்சல் என்றால், எங்கே போனீர்கள், சேற்றில் இறங்கினீர்களா என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் சாவியைப் போட்டுத் திருப்பாதீர்கள். முதலில் கராஜ் கதவைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றோட விடுங்கள். பொனெற்றைத் தூக்கி ரோர்ச் அடித்துப் பாருங்கள். சூடாகும் குழாயின் மேல் கூடு இருந்தால் ஓடும்போது தீப்பிடிக்கலாம். பில்டர் பெட்டியையும் காபின் பில்டரையும் திறந்து பாருங்கள். எச்சமோ கூடோ இருந்தால் உலர்ந்தபடி கூட்டவோ வக்கூம் பிடிக்கவோ வேண்டாம், அந்தத் தூசிதான் ஆபத்து. வெள்ளை வயிறும் பெரிய கண்ணும் உள்ள மான் சுண்டெலி, தூசியோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும் ஹன்ரா வைரஸைக் காவுகிறது. கனடாவில் நோய் அரிதுதான். வந்தவை பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில், ஆகவே கல்கரி, எட்மன்ரன் ஆட்கள் கூடுதலாகக் கவனியுங்கள். அந்த நகரங்கள் உள்ள அல்பேர்ட்டா மாகாணத்துக்குள் பெரிய எலியை 1950களிலிருந்தே விடாமல் தடுத்து வருகிறார்கள். சுண்டெலி அங்கேயும் தாராளமாக உண்டு. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தாளால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். துடைக்குமுன் படம் எடுங்கள், காப்புறுதிக்காரர் கேட்பார். வயர் கடிபட்டிருந்தால் காரை ஓட்டிக்கொண்டு போகாமல், இழுவை வண்டியைக் கூப்பிட்டு மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.