தீபாவளி போனஸ் வாங்கியாச்சா? கம்பெனி மாறும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்கள் பக்கம் வேலை மாறுவதற்கென்றே ஒரு சீசன் உண்டு. தீபாவளி போனஸ் கையில் விழும். ஊருக்குப் போய் நோம்பி முடித்துத் திரும்புகிறவர் பழைய கம்பெனிக்கே வருவாரா என்பது அவருக்கே தெரியாது. திருப்பூர் பனியன் கம்பெனியானாலும் சரி, கோவை கணபதி லேத் பட்டறையானாலும் சரி, "அங்க ஐந்நூறு சேர்த்துத் தர்றாங்களாமா" என்ற ஒரு பேச்சு போதும். நானும் அப்படி மூன்று முறை மாறினேன். மூன்று இடத்திலும் அதே மெஷின், அதே பட்டன்.

ஐந்நூறுக்காக மாறும் முன் தொழிலில் அடுத்து எங்கே போவது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்களுக்குத்தான் இது. ஒரு நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும்.

1. கை என்ன செய்யும்?

முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். தனியாகச் செய்வேன், பக்கத்தில் ஆள் நின்றால் செய்வேன், பார்த்திருக்கிறேன் ஆனால் தொட்டதில்லை. கம்பெனி பெயர், எத்தனை வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

"டெய்லர்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஓவர்லாக் மெஷின் தனியாக ஓட்டுவேன், பேட்லாக் மெஷினில் ஆள் நின்றால் அடிப்பேன், காலர் ஏற்றியதே இல்லை என்று எழுதுங்கள். சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் லேத்) ஆபரேட்டர் என்றால் இன்னும் நுணுக்கமாக. 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்தால் 20 மைக்ரான் பெரிதாகக் காட்டுகிறது. இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்தால் அப்படித்தான் வரும். நீங்கள் மெஷினை நிறுத்திவிட்டு மெஷினை அளவுக்குச் சரிசெய்து கொடுக்கும் செட்டரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் வந்து முனைத் தேய்மானத்துக்கு அளவைத் திருத்துகிற வேர் ஆஃப்செட்டில் எக்ஸுக்கு, அதாவது விட்டத்துக்கு, மைனஸ் 0.02 மில்லிமீட்டர் கொடுத்துவிட்டுப் போகிறார். அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த அரை நிமிஷ வேலை உங்கள் நோட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மூன்றாவதில் இருந்தால், இந்த வருஷம் அதை முதல் கட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். புதுக் கம்பெனிக்காரரிடமும் சம்பளத்துக்கு முன்னால் அதைக் கேளுங்கள்: "செட்டிங் பழக விடுவீங்களா?"

2. இரண்டு படி மேலே இருப்பவரைப் பாருங்கள்

ஆபரேட்டருக்கு மேலே செட்டர், அவருக்கு மேலே புரோகிராமர். பனியன் கம்பெனியில் கைமடி (டெய்லருக்குக் கையாளாக நிற்பவர்), அவருக்கு மேலே டெய்லர், அப்புறம் லைன் சூப்பர்வைசர். செக்கிங்கில் இருந்து க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர். அதைத் தாண்டி, சரக்கு வாங்குகிற பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் ஆக வேண்டுமென்றால் அந்தப் பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரிய வேண்டும். இரண்டு படி மேலே இருப்பவரை டீ டைமில் பிடித்து, "அண்ணா, நீங்க எப்படி இங்க வந்தீங்க?" என்று கேளுங்கள். ஒரு படி மேலே இருப்பவரிடம் வேண்டாம், தன் இடத்துக்கே வருகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

3. சர்டிபிகேட்

ஐடிஐ இரண்டு வருஷம் முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டு. கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது, அவ்வளவுதான் சொல்வேன்.

4. பிஎஃப்: இதில்தான் நான் அடிபட்டேன்

பிஎஃபில் ஆளுக்கு ஒரு யுஏஎன் நம்பர், எத்தனை கம்பெனி மாறினாலும் அது ஒன்றுதான். எனக்கு இது தெரியாது. மூன்றாவது இடத்தில் பழைய நம்பரைச் சொல்லாமல் சேர்ந்தேன், புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். முதல் கம்பெனியில் நான் விலகிய தேதியே ஏறவில்லை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பிஎஃபில் முன்னால். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போனபோதுதான் இவ்வளவும் தெரிந்தது. கல்யாணம் வட்டிக்கு வாங்கி நடந்தது.

அதனால் இன்றைக்கே ஃபோனில் பிஎஃப் கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு வைத்துப் பாருங்கள்; சேர்ந்த தேதி, விலகிய தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பேசிக்கும் டிஏவும் சேர்ந்த சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு போடுகிறார். அவர் போடும் அந்த 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. மொத்தம் 10 வருஷம் சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸ் போச்சு. எடுக்காதீர்கள், புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் சேர்கிறீர்களா? பிஎஃப் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

5. நாற்பத்தைந்து வயதுப் பக்கம்

கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: அந்த வயதில் கண்ணும் முதுகும் இதே வேலைக்கு ஒத்துழைக்குமா? டெய்லருக்குக் கண், ஃபவுண்டரிக்காரருக்கு முதுகு. அதற்குள் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கோ, அளந்து பார்க்கிற இடத்துக்கோ நகர்ந்திருக்க வேண்டும்.

சொந்தப் பட்டறை என்பீர்கள். கோவையில் லேத் ஓட்டியவருக்கு அந்தக் கனவு வராவிட்டால்தான் ஆச்சரியம். சரி, வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஜாப் ஒர்க்குக்கு (வேறு கம்பெனிக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலைக்கு) ரேட் போட்டுப் பழகுங்கள்: மெஷின் ஓடும் நேரம், இன்செர்ட் செலவு, கரண்ட், பில் போட்டுப் பணம் வரும் வரை சம்பளம் கொடுக்கக் கைக்காசு. இந்தக் கணக்கும் நோட்டில் மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டை டிபன் பையில் வைக்காதீர்கள், எண்ணெய் ஆகிவிடும். என்னுடையது பீரோவில் போனஸ் கவரோடு கிடக்கிறது; அடுத்த தீபாவளிக்குக் கவர் வைக்கப் போகும்போது தானாகக் கையில் வரும்.