துலம்பென் லிபர்ட்டி: மூழ்கிய கப்பலில் முதல் ஸ்கூபா டைவ்

மூழ்கிய கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால் படகேறி நடுக்கடலுக்குப் போக வேண்டும், முப்பது நாற்பது மீட்டர் இறங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலித் தீவின் வடகிழக்கில் உள்ள துலம்பெனில் இரண்டுமே தேவையில்லை. கரையிலிருந்து நடந்து கடலில் இறங்கி, கொஞ்ச தூரம் நீந்தினால் லிபர்ட்டி கப்பல் வந்துவிடும். அதன் மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்குகிறது. கீழ்ப்பகுதி 30 மீட்டரை ஒட்டிப் போகிறது. புதியவர்களுக்கு மேல் பாதியே தாராளம்.

1918-ல் கட்டப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் இது. இரண்டாம் உலகப்போரின்போது ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய ‘லிபர்ட்டி ஷிப்’ வகைக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். 1942 ஜனவரி 11 அன்று லம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ தாக்கியது. இழுத்துக்கொண்டுபோய்க் காப்பாற்றப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் துலம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த கப்பல், 1963-ல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது.

சரி, எப்படி இறங்குவது?

1. தகுதியும் உடம்பும்

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் பயிற்சி முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்சியாளரின் கைப்பிடியில், அதிகபட்சம் 12 மீட்டர். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எது இருந்தாலும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் கடலுக்குள் தணியும்போது மேலே வருகையில் காதில் காற்று மாட்டிக்கொள்ளும்.

2. நேரம்

தெற்குப் பாலியிலிருந்து வேனில் வருகிற கூட்டம் காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் வந்து சேரும். முதல் நாள் இரவே துலம்பெனில் தங்கி, விடிந்ததும் இறங்குவதுதான் என் கட்சி. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கவும் அதுவே நல்ல நேரம்.

3. சோதனை

காற்று டேங்கை ஊர்ப் பெண்கள் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவந்து தருவார்கள். மாட்டியதும் கூட வருபவரும் நீங்களும் ஒருவரையொருவர் சோதியுங்கள். பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) காற்று ஏறி இறங்குகிறதா, மூழ்க உதவும் வெயிட் சரியா, வார்கள் இறுக்கமா என்று பாருங்கள். அப்புறம் டேங்கின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடியே, வாயில் கவ்வும் ரெகுலேட்டரில் நாலு முறை மூச்சிழுங்கள். ஊசி ஆடினால் டேங்க் வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

4. கரையைத் தாண்டுவது

பலருக்கும் கஷ்டமான இடம் இதுதான். கப்பலைப் பற்றி யோசித்துக்கொண்டே வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். மணல் கிடையாது, உருண்டையான கறுப்பு எரிமலைக் கற்கள். அடிப்பாகம் தடித்த டைவிங் பூட்ஸ் கட்டாயம். பிசிடியில் பாதிக் காற்று, முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர், கையில் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு). பெரிய அலைகள் ஓயும்வரை கரையில் காத்திருந்து, ஓய்ந்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மளமளவென்று நடங்கள். அலை உடையும் இடத்தில் நிற்கவே கூடாது. இடுப்பளவு ஆழம் வந்ததும் மிதந்தபடி ஃபின்ஸ் மாட்டுங்கள். இடையில் விழுந்துவிட்டால் எழ முயலாமல் தவழ்ந்தே தண்ணீருக்குள் போய்விடுங்கள். கௌரவம் பார்த்து எழுந்தால் அடுத்த அலை மறுபடி தள்ளிவிடும்.

5. இறக்கம்

கறுமணல் சரிவை ஒட்டி மெதுவாக இறங்கலாம். காது வலிப்பதற்கு முன்பே, அடிக்கடி மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். கப்பலை நெருங்குமுன் மணலுக்கு மேலேயே மிதப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். மூச்சிழுத்தால் லேசாக எழ வேண்டும், விட்டால் லேசாகத் தாழ வேண்டும். அது கைவராமல் கப்பல் பக்கம் போனால் பவளத்தில்தான் மோதுவீர்கள்.

6. கப்பலில்

உங்கள் ஆழ எல்லைக்குள், ஆழமான பகுதியை முதலில் பார்த்துவிட்டுப் படிப்படியாக மேலே வாருங்கள். எதையும் தொடாதீர்கள். துருப்பிடித்த இரும்பு கிழிக்கும். கல் மாதிரியே கிடக்கும் விஷமுள் மீன்களும் உண்டு. சிதைந்த பகுதிகளில் வாசல் போன்ற திறப்புகள் ஆசை காட்டும். உள்ளே போகாதீர்கள். தலைக்கு மேல் இரும்பு இருந்தால் நினைத்தவுடன் நேராக மேலே வர முடியாது. ஃபின்ஸ் பட்டாலே வண்டல் கிளம்பி வழி மறைந்துவிடும். வழிகாட்டி கூப்பிட்டாலும் தலையை ஆட்டி மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெளியே பார்க்கவே ஒரு டைவ் போதாது. சுமார் 120 மீட்டர் நீளம், உடம்பெல்லாம் பவளமும் கடற்பஞ்சும். பக்கத்து மணலில் பாதி உடம்பை வெளியே நீட்டி ஆடும் விலாங்குகளையும் விட்டுவிடாதீர்கள். கிட்டே போனால் வளைக்குள் ஒளிந்துவிடும்.

7. காற்றுக் கணக்கு

10 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. டேங்க் காற்றும் அதே வேகத்தில் கரையும். 200 பாரில் (டேங்க் அழுத்தத்தின் அளவு) தொடங்கினால் 100-ல் வழிகாட்டிக்குச் சொல்லுங்கள்; மேலே வந்து சேரும்போது 50 மிச்சமிருக்க வேண்டும். சைகையில் கவனம்: கட்டைவிரலைத் தூக்கினால் ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்த வளையம்.

8. ஏற்றம்

மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். மேலே வர வர நுரையீரலில் உள்ள காற்று விரியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தம். இங்கே அந்த ஆழத்திலும் சரிவு இருப்பதால், கயிற்றைப் பிடித்துத் தொங்காமல் மீன் பார்த்தபடியே நேரத்தைக் கழிக்கலாம்.

டைவ் முடித்த கையோடு பாலியின் மலைப்பகுதியான கிந்தாமணிக்கு எரிமலை பார்க்கக் கிளம்பாதீர்கள். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். டைவில் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறைந்தால் குமிழாகக் கிளம்பும்; அதற்கு மலையேற்றமும் விமானம் ஏறுவதைப் போலத்தான். ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பயணத் திட்டத்தில் மலையை முதலில் போட்டுவிட்டால் இந்தக் கணக்கில் பாதி தேவைப்படாது.