வைஃபை சிக்னல்: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

மேசைக் கணினியில் வீடியோ ஓடாமல் வட்டம் சுற்றத் தொடங்கினால், புதிய ரவுட்டர் வாங்கத்தான் முதலில் தோன்றும். நானும் வாங்கினேன், பலனில்லை. கணினிப் பெட்டியின் பின்புறம் வைஃபை ஆன்டெனாவைத் திருகாமலேயே விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆகவே முதலில் அளந்துவிடுங்கள்.

1. கோடுகளை நம்பாதீர்கள்

திரையோரம் தெரியும் வைஃபை கோடுகள் தோராயமானவை. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால், சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னல் சக்தியை டெசிபலில் சொல்லும் அலகு) எண்ணாகத் தெரியும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குள் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரைத் திறந்து, வைஃபை இணைப்பின் பெயரைச் சொடுக்குங்கள். அங்கே சிக்னல் தரம் கோடுகளாகத்தான் இருக்கும். ஆனால் அருகிலுள்ள இணைப்பு வேகம் நல்ல தடயம். எண்ணே வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை நிறுவி, போனைக் கணினியின் ஆன்டெனா அருகே வைத்துப் பாருங்கள். போனின் ஆன்டெனா வேறு என்பதால் அந்த எண்ணை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எண்கள் மைனஸில் இருக்கும்; சைபரை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 80ஐத் தொட்டால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். மூன்று டெசிபல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிடுகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மைனஸ் 60க்கும் 70க்கும் இடையே அத்தனை தூரம்!

2. குற்றவாளி வைஃபைதானா?

கணினியை லேன் கேபிளால் நேரடியாக ரவுட்டரோடு இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அப்போதும் மெதுவாக இருந்தால் கோளாறு இணைய இணைப்பில்தான். சிக்னலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அளந்து, எண்ணைக் குறித்துவையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

மேசைக்கடியில், சுவரை ஒட்டி இருக்கும் பெட்டிதான் பெரும்பாலும் பிரச்சினை. ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவே பெட்டியின் உலோகமே தடுப்புச் சுவராக நிற்கிறது. பெட்டியைத் திருப்புங்கள், அல்லது மேசைமேல் ஏற்றுங்கள். யூஎஸ்பி வைஃபை அடாப்டர் என்றால், நீட்டிப்புக் கேபிள் போட்டு மேலே கொண்டுவாருங்கள். யூஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் (வைஃபையின் ஓர் அலைவரிசை) இரைச்சல் கிளப்பும் என்பதால், அடாப்டரை வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து தள்ளி வைப்பதும் நல்லது.

ரவுட்டரை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பார்க்க அழகாக இல்லை என்று அலமாரிக்குள் பூட்டுவது வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடி, இரும்பு பீரோ, மீன் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும். ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் அலை பக்கவாட்டில் பரவும். நுனியைக் கணினியை நோக்கி நீட்டினால் சிக்னல் குறையவே செய்யும்.

4. அலைவரிசை

ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். நடுவே சுவர்கள் அதிகமென்றால் 2.4தான் எட்டும், அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைவானதை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள்.

5. கடைசியாகச் செலவு

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்கினால் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே, சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் வையுங்கள். வாங்கவும் அனுப்பவும் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர்களில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கணினி நகராத பொருள்தானே, லேன் கேபிளே இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும்.