மோட்டபிலிட்டி கார்: மாற்றுத்திறனாளி உடன் இல்லாமல் எடுத்துப் போகலாமா?

பிரிட்டனில் பிப் (PIP) என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டகால நோய் உள்ளவர்களுக்குமான அரசு உதவித்தொகையில் நடமாட்டத்துக்கான பகுதியை உயர் விகிதத்தில் பெறுபவர்கள், அந்தத் தொகையைக் கொடுத்து மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் குத்தகைக்கு எடுக்கலாம், காப்பீடு, சர்வீஸ், வழியில் நின்றுபோனால் உதவி எல்லாம் அதிலேயே அடங்கும். என் அண்ணனுக்காக நான்தான் ஓட்டுகிறேன். அவர் காரில் இல்லாதபோதும் எடுக்கலாம், ஆனால் போகும் வேலை அவருக்கானதாக இருக்க வேண்டும்: மருந்து வாங்குவது, அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது போல. டாக்ஸி, உணவு டெலிவரிக்கு ஓட்டவே கூடாது. காப்பீட்டில் பெயர் இல்லாதவரிடம் ஒரு தெரு தாண்டக்கூட சாவியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் புளூ பேட்ஜ், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்தச் சலுகை அட்டை. அது காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அண்ணனுக்கு மருந்து வாங்க நான் மட்டும் போனால் கார் எடுத்தது சரி, ஆனால் பேட்ஜை வைத்து நிறுத்தினால் தப்பு, 1,000 பவுண்டு வரை அபராதம் வரலாம். அவரை இறக்கிவிடவோ ஏற்றவோ போகும்போது மட்டும் வையுங்கள். அவர் கூடவே வந்து காரிலேயே உட்கார்ந்திருக்க, நம் வேலைக்காக நாம் மட்டும் இறங்கிப் போகிறோம் என்றாலும் வைக்கக் கூடாது.