முகமும் குரலும் வெளியே தெரியாமல் ஒரு நேர்காணல்

யாழ்ப்பாணம் மயிலிட்டியில் இருந்து 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலேயே வயதாகிப்போன ஒரு அம்மாவைப் படமாக்கினேன். இராணுவத்தின் பிடியில் இருந்த மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. ஆனால் அவருடைய காணி கிடைக்கவில்லை. "கதைக்கிறன் தம்பி, ஆனா ஆர் எண்டு தெரியக்கூடாது" என்றார்.

முகத்தை மறைப்பது சுலபம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்காரவைக்கலாம், ஆனால் பேசுபவர் குற்றவாளி மாதிரித் தெரிவார். எனக்கு அது பிடிக்காது. கிழிந்த வலையைப் பொத்தும் கைகளை மட்டும் எடுத்தேன், மோதிரத்தைக் கழற்றிவிட்டு.

குரல்தான் பெரிய தொல்லை. சுருதியைத் தாழ்த்தி, அவர் சம்மதத்தோடு பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். "அம்மம்மா!" என்றான் உடனே. சுருதி மாறினாலும் பேச்சின் இழுவையும் நிறுத்தமும் மாறுவதில்லையே. போதாக்குறைக்கு, தாழ்த்திய சுருதியை யாரும் திரும்ப உயர்த்திக் கேட்டுவிடலாம்.

சரி என்று, பேசியதை அப்படியே எழுதியெடுத்து, அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்குள்ள ஒரு நாடக நடிகையைப் பேசவைத்தேன். அவர் அழுகையைக் கூட்டப் பார்த்தார். வேண்டாம் என்றேன், அம்மா அழவே இல்லை, கோபமாகத்தான் பேசினார். "குரல் வேறொருவருடையது" என்று படத்தில் எழுத்தும் போட்டேன். இந்த முறை பேரன் "ஆர் இது?" என்றான்.

பின்னணியில் கேட்ட கோயில் ஒலிபெருக்கியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை எடுத்துவிட்டு, தனியாகப் பதிந்த கடற்காற்றைச் சேர்த்தேன். அப்புறம், போனில் எடுத்த கிளிப்புகளுக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிந்திருக்கலாம். எடிட்டருக்கு அனுப்பும் முன்பே அதை அழித்துவிடுங்கள்.